திறமை எத்தனை ரூபாய்?

திண்டுக்கல்லில் பூட்டு வாங்கப் போகிறவர் "நல்ல பூட்டாக் குடுங்க" என்றால், "எத்தனை லீவர் வேணும்?" என்று கடைக்காரர் திருப்பிக் கேட்பார். லீவர் கூடக் கூடக் கள்ளச்சாவி செய்வது கடினம், விலையும் அதற்கேற்ப ஏறும். ஒட்டன்சத்திரம் சந்தையில் காய்கறி மூட்டையை இறக்கும் விவசாயியும் அப்படித்தான். மண்டியில் கமிஷன் எவ்வளவு, இறக்குகூலி எவ்வளவு என்று தெரியாமல், சொன்ன விலை நல்ல விலையா என்பதை அவர் முடிவு செய்வதில்லை. எதையும் எண்ணால் அளந்து பழகிய இந்த ஊர்களுக்குள் ஒரு சொல் மட்டும் அளக்கப்படாமலே கைப்பேசி வழியாகப் புகுந்தது. 'திறமை விளையாட்டு' என்பதுதான் அந்தச் சொல். ஆன்லைன் ரம்மி விளம்பரங்கள் பல ஆண்டுகள் இதையே திரும்பத் திரும்பச் சொல்லின: இது சூதாட்டம் அல்ல, திறமை, நீதிமன்றமே ஏற்றுக்கொண்டது. சூதைக் கண்டித்து வள்ளுவர் ஓர் அதிகாரமே ஒதுக்கியிருக்கிறார். ஆனால் தான் ஆடுவது சூதே அல்ல என்று நம்புகிறவரிடம் அந்த அதிகாரம் எடுபடாது. அவரிடம் கேட்க வேண்டிய கேள்வி வேறு. திறமை இருக்கிறது, சரி. எத்தனை சதவீதம்? ஒவ்வோர் ஆட்டத்திலும் அந்தத் திறமையிலிருந்து எவ்வளவு பிடித்துக்கொள்கிறார்கள்?

இந்தக் கேள்வியை ஒழுங்காகக் கேட்டு, எண்ணில் பதிலும் சொன்னவை பிளாக்ஜாக் என்ற சீட்டாட்டத்தைக் கற்றுத்தரும் அமெரிக்கப் புத்தகங்கள். தமிழ்நாட்டில் பிளாக்ஜாக் மேசை சட்டப்படி எங்கும் கிடையாது. நம் நாட்டில் அதைப் பார்க்கக் கோவாவில் மாண்டவி ஆற்றில் நிற்கும் சூதாட்டக் கப்பல்களுக்கோ சிக்கிமுக்கோ போக வேண்டும், இல்லாவிட்டால் கடல் தாண்டிக் கொழும்புக்கு. ஆனாலும் அந்தப் புத்தகங்கள் கற்றுத்தரும் கணக்கு, வேடசந்தூர்ப் பக்கம் நூற்பாலை இரவு ஷிஃப்ட் முடித்து வந்து கைப்பேசியைத் திறக்கும் தொழிலாளிக்கு நேரடியாகப் பொருந்துகிறது. திறமை என்ற சொல் உண்மையாக இருக்கும்போதுகூட அது எவ்வளவு சிறிய எண் என்பதை அவை காட்டுகின்றன. அந்தச் சிறிய எண்ணைத்தான் நமக்கு யாரும் சொல்லவில்லை.

ஆட்டம் எளிது. ஆடுபவருக்கு இரண்டு சீட்டு, சீட்டுப் போடுகிற டீலருக்கு இரண்டு சீட்டு. டீலரின் சீட்டுகளில் ஒன்று மட்டும் திறந்திருக்கும். ராஜா, ராணி, ஜாக்கி ஒவ்வொன்றுக்கும் பத்துப் புள்ளி, ஏஸுக்கு ஒன்று அல்லது பதினொன்று. 21-ஐத் தாண்டாமல் டீலரைவிட அதிகம் எடுத்தால் வெற்றி, தாண்டினால் அந்த நொடியே தோல்வி. டீலருக்கு யோசிக்கும் உரிமை கிடையாது என்பது இதில் முக்கியமான விதி. 16 வரை அவர் சீட்டு எடுத்தே ஆக வேண்டும், 17 வந்தால் நிறுத்தியே ஆக வேண்டும். எதிராளி இயந்திரம் போல நடப்பதால்தான் இந்த ஆட்டத்தைக் காகிதத்தில் போட்டுத் தீர்க்க முடிந்தது. நம்மூர் மங்காத்தாவையும் அப்படித் தீர்த்துவிடலாம். ஒரு சீட்டைத் திறந்து வைத்து, அதே எண் வரும்வரை உள்ளே ஒன்று வெளியே ஒன்று என்று போட்டுக்கொண்டே போகிறார்கள். மிச்சமிருக்கும் 51 சீட்டில் பொருந்தும் சீட்டு மூன்று. கணக்குப் போட்டால், முதல் சீட்டு எந்தப் பக்கம் விழுகிறதோ அந்தப் பக்கம் வெல்லும் வாய்ப்பு நூற்றுக்கு 51.5, மறுபக்கத்துக்கு 48.5. மங்காத்தாவில் கற்பதற்கு அவ்வளவுதான் இருக்கிறது. பிளாக்ஜாக்கில் அதற்குமேல் இருக்கிறது, ஏனென்றால் ஒவ்வொரு கையிலும் ஆடுபவர் முடிவெடுக்க வேண்டியிருக்கிறது.

அந்த முடிவுகளை முதலில் முறையாகக் கணக்கிட்டவர்கள் அமெரிக்காவில் மேரிலாந்து மாநிலத்து ராணுவ முகாம் ஒன்றில் பணியாற்றிய நால்வர்: ரோஜர் பால்ட்வின், வில்பர்ட் கேன்ட்டி, ஹெர்பர்ட் மெய்செல், ஜேம்ஸ் மெக்டெர்மட். கணினி இல்லை, மேசைக் கணக்குப் பொறிகள்தான். தங்கள் முடிவுகளை 1956இல் அமெரிக்கப் புள்ளியியல் சங்கத்தின் ஆய்விதழில் வெளியிட்டார்கள், அடுத்த ஆண்டே பொதுமக்களுக்கான சிறு புத்தகமாகவும் கொண்டுவந்தார்கள். கையில் 11 இருந்தால் பெரும்பாலும் பந்தயத்தை இரட்டிப்பாக்கு, இரண்டு எட்டு வந்தால் பிரித்து ஆடு, டீலரிடம் 4 தெரியும்போது உன்னிடம் 12 இருந்தால் பேசாமல் நில் என்பது போன்ற அட்டவணை அது. இதை மனப்பாடம் செய்து பிசகாமல் ஆடுபவரிடம், விதிகள் ஓரளவு நன்றாக உள்ள மேசையில், சூதாட்டக் கூடம் எடுக்கும் ஆதாயம் சராசரியாக நூறு ரூபாய்க்குச் சுமார் ஐம்பது காசு. மனம்போன போக்கில் ஆடுபவரிடம் அது இரண்டு, மூன்று ரூபாய் எடுக்கும். முதல் படியில் புத்தகம் தரும் திறமை, நட்டத்தை இரண்டு ரூபாயிலிருந்து அரை ரூபாயாகக் குறைக்கும் திறமை. அந்தப் படியில் நிற்பவர் இன்னும் தோற்றுக்கொண்டுதான் இருக்கிறார், மெதுவாக.

அரை ரூபாயையும் தாண்டி மறுபக்கம் போக முடியும் என்று காட்டியவர் எட்வர்ட் தோர்ப் என்ற கணித ஆசிரியர். எம்.ஐ.டி.யில் இருந்த ஐ.பி.எம். 704 கணினியில், கட்டிலிருந்து குறிப்பிட்ட சீட்டுகளை எடுத்துவிட்டால் வாய்ப்பு எப்படி மாறுகிறது என்று ஒவ்வொன்றாகப் பார்த்தார். பகடைக்கு நினைவு கிடையாது. போன முறை ஆறு விழுந்தது அதற்குத் தெரியாது. சீட்டுக்கட்டுக்கு நினைவு உண்டு. விழுந்த சீட்டு, மறுபடி கலைக்கும்வரை திரும்ப வராது. நான்கு ஐந்துகளும் போய்விட்ட கட்டில் ஆடுபவருக்கு நூற்றுக்கு மூன்று ரூபாய்க்குமேல் ஆதாயம் இருப்பதைத் தோர்ப் கண்டார். காரணம் எளிது. 16-இல் மாட்டிக்கொண்டு கட்டாயமாகச் சீட்டெடுக்கும் டீலரைக் காப்பாற்றுவது சின்னச் சீட்டுகள், அதிலும் ஐந்து வந்தால் அவருக்கு நேராக 21. பெரிய சீட்டுகள் மிச்சமிருந்தால் டீலர் 21-ஐத் தாண்டி உடைவது அதிகம். ஏஸும் பத்துமாகச் சேர்ந்து வந்தால் ஆடுபவருக்கு மட்டும் ஒன்றரை மடங்கு பணம். இதை 1961இல் வாஷிங்டனில் கணிதவியலாளர் கூட்டத்தில் தோர்ப் அறிவித்தார். நிதியுதவி செய்ய முன்வந்தவர்களோடு நெவாடாவுக்குப் போய், பத்தாயிரம் டாலர் முதலை முப்பது மணி நேர ஆட்டத்தில் இருபத்தோராயிரம் ஆக்கினார். 1962இல் வெளியான அவருடைய 'பீட் த டீலர்' லட்சக்கணக்கில் விற்றது.

பின்னால் வந்த புத்தகங்கள் முறையை இன்னும் எளிமையாக்கின. ஹார்வி டப்னர் 1963இல் முன்வைத்த கணக்கு இன்றும் பெரும்பாலான பாடப் புத்தகங்களில் முதல் பாடம். இரண்டு முதல் ஆறு வரை எந்தச் சீட்டு விழுந்தாலும் ஒன்று கூட்டு, ஏழு எட்டு ஒன்பதுக்கு ஒன்றும் செய்யாதே, பத்து, படச்சீட்டு, ஏஸ் விழுந்தால் ஒன்று கழி. 52 சீட்டில் கூட்டுவதற்கு 20, கழிப்பதற்கு 20, சும்மா இருக்க 12. முழுக் கட்டையும் எண்ணி முடித்தால் விடை பூஜ்யம். நடுவில் எண்ணிக்கை பிளஸ் பக்கம் ஏறியிருந்தால் மிச்சக் கட்டில் பெரிய சீட்டு அதிகம் என்று பொருள். ஆறு கட்டு சேர்த்து ஆடும் மேசையில் அந்த எண்ணை மிச்சமிருக்கும் கட்டுகளால் வகுக்க வேண்டும். பிளஸ் 8 என்பது நான்கு கட்டு பாக்கியிருந்தால் வெறும் 2, ஒரே கட்டு பாக்கியிருந்தால் முழு 8. வகுத்து வரும் எண்ணில் ஒவ்வொன்றும் ஆடுபவர் பக்கம் சுமார் அரை சதவீதத்தைச் சாய்க்கிறது. இதைக் கற்பதற்குப் பெரிய மூளை வேண்டியதில்லை. கூட்டலும் கழித்தலும் தெரிந்தால் போதும். வேண்டியது மாதக்கணக்கான பயிற்சி. ஒரு கட்டை அரை நிமிடத்துக்குள் எண்ணி முடித்து, சத்தத்திலும் பேச்சிலும் எண்ணிக்கை தவறாமல், முகத்தில் எதுவும் காட்டாமல் இருக்கப் பழக வேண்டும். ஸ்டான்ஃபோர்ட் வாங், பீட்டர் கிரிஃபின் போன்றவர்கள் எழுபதுகளில் எழுதிய புத்தகங்களைப் புரட்டினால் அவை சூதாட்ட வழிகாட்டியைப் போல இருப்பதில்லை, தொழிற்பயிற்சிக் கையேட்டைப் போலவோ கணிதப் புத்தகத்தைப் போலவோ இருக்கின்றன.

சரி, இவ்வளவு உழைப்புக்கும் கிடைப்பது என்ன? மொத்த ஆட்டத்தையும் சராசரி பார்த்தால் நூற்றுக்கு ஒரு ரூபாய் என்று தாராளமாகவே வைத்துக்கொள்வோம். நூறு ரூபாய்ப் பந்தயமாக நூறு கை ஆடினால் எதிர்பார்க்கும் ஆதாயம் நூறு ரூபாய். ஆனால் அந்த நூறு கையில் அதிர்ஷ்டத்தால் வரும் ஏற்ற இறக்கம் சுமார் 1,150 ரூபாய். அதாவது அன்றைக்கு அவர் வென்றாரா தோற்றாரா என்பதில் திறமையின் பங்கு கண்ணுக்கே தெரியாது. பத்தாயிரம் கை ஆடிய பிறகு ஆதாயம் 10,000, ஏற்ற இறக்கம் 11,500. அப்போதும் பிசகில்லாமல் எண்ணுகிற ஐந்து பேரில் ஒருவர் நட்டத்தில் இருப்பார். நாற்பதாயிரம் கைக்குப் பிறகுதான் அந்த எண்ணிக்கை நூற்றுக்கு நான்கு என்று இறங்குகிறது. கைமுதல் பற்றிய கணக்கு இதைவிடக் கண்டிப்பானது. பெல் ஆய்வகத்தின் ஜான் கெல்லி 1956இல் எழுதிய சூத்திரத்தைத் தோர்ப் இங்கே கொண்டுவந்தார். அதன்படி, ஒரு சதவீத ஆதாயம் உள்ளவர் நூறு ரூபாய் பந்தயம் வைக்கச் சுமார் 13,000 ரூபாய் கையில் இருக்க வேண்டும். 6,500 ரூபாயை வைத்துக்கொண்டு அதே நூறை வைத்தால் முதல் வளரவே வளராது. அதற்கும் குறைந்த முதலோடு ஆடினால், வாய்ப்பு தன் பக்கம் இருக்கும்போதே காலப்போக்கில் பணம் தேயும். கடன் வாங்கி ஆடுபவரின் கதை, ஆட்டம் தொடங்குவதற்கு முன்பே முடிந்துவிட்டது.

சூதாட்டக் கூடங்கள் எண்ணுபவர்களை வெளியே தள்ளுகின்றனவே, அப்படியானால் திறமை பெரிதாகத்தானே இருக்க வேண்டும் என்று கேட்கலாம். தள்ளுவது உண்மை. மனதுக்குள் எண்ணுவது நெவாடாவில் குற்றமில்லை, ஆனால் கூடத்துக்காரர் ஆளை வெளியே போகச் சொல்லலாம். நியூ ஜெர்சியில் மட்டும் கென் அஸ்டன் என்ற ஆட்டக்காரர் வழக்குப் போட்டு, எண்ணுபவரைக் கூடம் தானாக விலக்க முடியாது என்று 1982இல் தீர்ப்பு வாங்கினார். ஆனால் கூடங்கள் கண்ட நிலையான மருந்து ஆளைத் தள்ளுவதில் இல்லை, விதியைத் தொடுவதில் இருக்கிறது. ஒரு கட்டுக்குப் பதில் ஆறு, எட்டுக் கட்டு வந்தது. ஓயாமல் கலைத்துக்கொண்டே இருக்கும் இயந்திரம் வந்தது. அதன் முன் எண்ணிப் பயனில்லை, கட்டின் நினைவை அது அழித்துவிடுகிறது. ஏஸும் பத்தும் சேர்ந்து வந்தால் நூறுக்கு 150 தந்த இடத்தில் 120 தரும் மேசைகள் வந்தன. அந்தச் சேர்க்கை சுமார் 21 கைக்கு ஒரு முறை வரும். முப்பது ரூபாய் குறைத்ததால் கூடத்துக்குக் கிடைப்பது நூற்றுக்குச் சுமார் 1.4 ரூபாய். மாதக்கணக்கில் பயின்றவரின் ஒரு ரூபாய் ஆதாயத்தை மேசையில் அச்சடித்த ஒரு வரி விழுங்கிவிடுகிறது. தோர்ப்பின் புத்தகம் வந்த பிறகு பிளாக்ஜாக் மேசைகளில் கூட்டம் குறையவில்லை, பெருகியது. இந்த ஆட்டத்தை வெல்ல முடியும் என்ற சேதி பரவியது. எப்படி என்ற கணக்கைப் படித்து முடித்தவர்கள் சிலரே. அரைகுறையாகப் படித்து வந்தவர்கள்தான் கூடத்தின் வருமானம்.

இனி நம் ரம்மிக்கு வருவோம். செகந்திராபாத்தில் ஒரு மனமகிழ் மன்றத்தில் ரம்மி ஆடியதாகப் போட்ட வழக்கில், 1967 நவம்பரில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. சட்டப் புத்தகங்களில் அது 1968ஆம் ஆண்டுத் தீர்ப்பாகக் குறிக்கப்படுகிறது. மூன்று சீட்டைப் போல ரம்மி முழுக்க அதிர்ஷ்டம் அல்ல என்று நீதிமன்றம் சொன்னது. விழும் சீட்டுகளை நினைவில் வைக்க வேண்டும், எதை வைத்துக்கொள்வது, எதை இறக்குவது என்பதில் திறமை வேண்டும் என்பது அதன் காரணம். விழுந்த சீட்டை நினைவில் வைப்பது! தோர்ப் கணினியில் கண்டதும் இதையேதான். இரண்டு கட்டு வைத்து ஆடும் பதிமூன்று சீட்டு ரம்மியில் இஸ்பேட் ஏழுக்காகக் காத்திருப்பவர், இரண்டு இஸ்பேட் ஏழும் கீழே இறங்கிவிட்டதைக் கவனித்திருந்தால் அந்த வரிசையைக் கைவிடுவார், கவனிக்காதவர் கடைசிவரை காத்திருப்பார். திறமை இருக்கிறது, அதில் சந்தேகமே இல்லை. ஆனால் இந்தக் காரணத்தை நேர்மையாக நீட்டினால் பிளாக்ஜாக்கும் திறமை விளையாட்டாகிவிடும், அதையும் நினைவால் வெல்ல முடிகிறதே. உண்டா இல்லையா என்ற கேள்வியால் நல்ல மேசையையும் கெட்ட மேசையையும் பிரிக்க முடியவில்லை என்பதற்கு இதுவே சான்று.

அந்தத் தீர்ப்பில் இன்னொரு பகுதியும் இருக்கிறது. விளம்பரங்கள் அதை ஒருபோதும் சொன்னதில்லை. ஆட்டத்திலிருந்து மன்றமோ வீட்டுக்காரரோ லாபம் எடுக்கிறார் என்பதற்குச் சான்று இருந்தால் குற்றம் நிரூபிக்கப்படலாம் என்றும் நீதிமன்றம் சொல்லியிருந்தது. ஆடுபவரின் மூளையை மட்டும் பார்த்து நீதிபதிகள் நிற்கவில்லை, நடத்துபவரின் கல்லாவையும் பார்த்தார்கள். மண்டிக்காரரிடம் கமிஷனைக் கேட்கும் ஒட்டன்சத்திரம் விவசாயியின் கேள்வி அது. ஆன்லைன் ரம்மியில் அந்தக் கேள்விக்குப் பதில், பந்தயத் தொகையில் நூற்றுக்குச் சுமார் பத்து, சில இடங்களில் அதற்கும் மேல் என்று இருந்தது. பத்து என்றே வைத்துக் கணக்குப் போடுவோம். இருவர் தலா நூறு ரூபாய் வைக்கிறார்கள், வென்றவருக்கு 180. கைக்காசு குறையாமல் இருக்க வேண்டுமென்றாலே நூறு ஆட்டத்தில் 56 வெல்ல வேண்டும். சமமான திறமை உள்ள இருவரில் ஒவ்வொருவரும் சராசரியாக ஆட்டத்துக்குப் பத்து ரூபாய் இழக்கிறார். அட்டவணையைப் படித்த பிளாக்ஜாக் ஆட்டக்காரரிடம் அமெரிக்கச் சூதாட்டக் கூடம் நூற்றுக்கு ஐம்பது காசு எடுக்கிறது, திறமை விளையாட்டு என்று சொல்லிக்கொண்ட கைப்பேசிச் செயலி பத்து ரூபாய் எடுத்தது. இருபது மடங்கு! இதற்குமேல், 2023 அக்டோபரிலிருந்து ஆட்டக்காரர் செலுத்தும் தொகை மீது 28 சதவீத ஜி.எஸ்.டி.யும் வந்து சேர்ந்தது.

ரம்மிக்கும் பிளாக்ஜாக்கிற்கும் உள்ள பெரிய வேறுபாடு இதை இன்னும் மோசமாக்குகிறது. பிளாக்ஜாக்கில் எதிராளி விதிக்குக் கட்டுப்பட்ட டீலர். நீங்கள் ஒரு படி கற்றால் அவர் பதிலுக்கு ஒரு படி கற்க மாட்டார். ரம்மியில் எதிராளி உங்களைப் போன்ற மனிதர். உங்கள் திறமையின் மதிப்பு அவருடைய திறமையைக் கழித்து மிஞ்சுவது மட்டுமே. மேசையில் இருக்கும் ஆறு பேரும் ஒரே புத்தகத்தைப் படித்து வந்தால் அந்தப் புத்தகத்தின் மதிப்பு பூஜ்யம், பிடித்தம் மட்டும் அப்படியே இருக்கும். தலா நூறு வைத்த அறுநூறில் 540 ஒருவர் கைக்குப் போகிறது என்றால், ஆறு ஆட்டத்தில் ஒன்றை வெல்லும் சராசரி ஆட்டக்காரருக்கு நட்டம் நிச்சயம். பயிற்சி செய்தால் ஜெயிக்கலாம் என்ற அறிவுரை மேசையில் ஒருவருக்கு உண்மையாக இருக்கலாம். ஆறு பேருக்கும் ஒரே நேரத்தில் உண்மையாக இருக்கவே முடியாது. அதை ஊர் முழுக்க விளம்பரப்படுத்துவதை நான் பொய் என்றே சொல்வேன்.

நம் மாநிலத்துச் சட்டப் போராட்டம் முழுவதும் அந்த 'உண்டா இல்லையா' கேள்வியைச் சுற்றியே நடந்தது. பணம் வைத்து ஆடும் ஆன்லைன் ஆட்டங்களைத் தடுக்க 2020 நவம்பரில் அவசரச் சட்டம், 2021இல் சட்டத் திருத்தம். திறமை விளையாட்டையும் சேர்த்துத் தடுத்ததால் அது செல்லாது என்று சென்னை உயர் நீதிமன்றம் 2021 ஆகஸ்டில் தீர்ப்பளித்தது. ஓய்வுபெற்ற நீதிபதி சந்துரு தலைமையிலான குழு 2022இல் அறிக்கை தந்தது. மீண்டும் சட்டம் வந்தது. ஆளுநர் திருப்பி அனுப்ப, பேரவை மறுபடி நிறைவேற்றி, 2023 ஏப்ரலில் நடைமுறைக்கு வந்தது. அந்த நவம்பரிலேயே உயர் நீதிமன்றம் சட்டத்தை ஏற்றுக்கொண்டு, ரம்மியையும் போக்கரையும் அதிர்ஷ்ட விளையாட்டு என்று பட்டியலிட்டதை மட்டும் நீக்கியது. பிறகு மாநில ஆன்லைன் விளையாட்டு ஆணையம் ஆதார் சரிபார்ப்பையும், நள்ளிரவு 12 முதல் காலை 5 வரை ஆடத் தடையையும் விதித்தது. 2025 ஜூனில் நீதிமன்றம் அதை ஏற்றது. இரண்டு மாதம் கழித்து நாடாளுமன்றம், திறமையோ அதிர்ஷ்டமோ, பணம் வைத்து ஆடும் எந்த ஆன்லைன் விளையாட்டையும் யாரும் நடத்தக் கூடாது என்று சட்டம் செய்தது. ஆகஸ்ட் 22இல் குடியரசுத் தலைவர் ஒப்புதல் கிடைத்தது. நடத்துபவருக்கும் விளம்பரம் செய்பவருக்கும் தண்டனை உண்டு, ஆடியவருக்கு இல்லை. அதை எதிர்த்த வழக்குகள் உச்ச நீதிமன்றத்துக்கு மாற்றப்பட்டன. அங்கேயும் திறமை என்ற சொல்தான் முன்னால் நின்றது. பிடித்தம் எத்தனை சதவீதம், அதைத் தாண்டி வெல்லும் திறமை எத்தனை பேருக்கு இருந்தது என்பதை ஒவ்வொரு நிறுவனத்தின் கணினியும் பைசா சுத்தமாகச் சொல்லியிருக்கும். அந்த எண்களைத் திரையின் முகப்பில் போட வேண்டும் என்று முதல் நாளே கட்டாயப்படுத்தியிருந்தால் பல வீடுகள் தப்பியிருக்கும்.

வளர்ந்தவர் தன் காசைத் தன் இஷ்டப்படி செலவழிக்கிறார், அதில் அரசுக்கு என்ன வேலை என்பார்கள். அந்த வாதத்தில் வலு இருக்கிறது என்றே நினைக்கிறேன், ஆனால் விலை தெரிந்து வாங்குகிறவருக்குத்தான் அது பொருந்தும். லீவர் எண்ணிக்கையை மறைத்து விற்ற பூட்டைப் பற்றி, வாங்கியவர் விருப்பம்தானே என்று யாரும் சொல்வதில்லை. பங்குச்சந்தை மட்டும் என்ன என்று கேட்பவரும் உண்டு. அங்கே விடை எண்ணிலேயே கிடைக்கிறது. ஃப்யூச்சர்ஸ், ஆப்ஷன்ஸ் ஆடிய தனிநபர்களைப் பற்றிப் பங்குச்சந்தைக் கண்காணிப்பு அமைப்பான செபி 2024 செப்டம்பரில் வெளியிட்ட ஆய்வு, மூன்று நிதியாண்டுகளில் நூற்றுக்கு 93 பேர் நட்டப்பட்டதையும், மொத்த நட்டம் 1.8 லட்சம் கோடி ரூபாயைத் தாண்டியதையும் காட்டியது. ஆப்ஷன்ஸ் கற்றுத்தரும் வகுப்புகளில் திறமை என்ற சொல் தாராளமாகப் புழங்குகிறது. கட்டணம், தரகு, வரி போக மிஞ்சுவது எவ்வளவு என்ற பாடம் அவ்வளவு தாராளமாக நடப்பதில்லை. சீட்டை எண்ணக் கற்றுத்தந்த தோர்ப்பே சில ஆண்டுகளில் சூதாட்ட மேசையை விட்டுப் பங்குச்சந்தைக்குப் போனார், 1969இல் முதலீட்டு நிதியொன்றைத் தொடங்கி நீண்ட காலம் வெற்றியோடு நடத்தினார். ஆனால் ஒவ்வொரு வாய்ப்பிலும் தன் ஆதாயம் எத்தனை சதவீதம் என்று தெரிந்த பிறகே அவர் பணத்தை வைத்தார். இந்த வகைப் புத்தகங்களை இளைஞர் கையில் கொடுத்தால் சூது வளரும் என்ற அச்சத்தை நான் ஏற்கவில்லை. ஏற்ற இறக்கக் கணக்கை ஒரு முறை தன் கையால் போட்டுப் பார்த்தவருக்கு, நேற்று ஜெயித்தேன் என்பது எதையும் நிரூபிக்காது என்று தெரிந்துவிடும்.

அதற்கு அமெரிக்கப் புத்தகம்கூடத் தேவையில்லை. நம் பத்தாம் வகுப்புக் கணக்குப் பாடத்தில் நிகழ்தகவு இருக்கிறது. கலைத்து வைத்த 52 சீட்டிலிருந்து ஒன்றை எடுத்தால் அது சிவப்பு ராஜாவாக இருக்க வாய்ப்பு என்ன என்ற வகைக் கேள்விகளை ஒவ்வோர் ஆண்டும் நம் பிள்ளைகள் போடுகிறார்கள். பதினைந்து வயதில் அதைப் போட்டு மதிப்பெண் வாங்கியவர்தான் இருபத்திரண்டு வயதில் செயலியைத் தரவிறக்கினார். பாடத்தில் இன்னும் ஒரு கணக்கு சேர்க்கலாம். திண்டுக்கல் நாகல் நகரைச் சேர்ந்த நண்பர்கள் இருவர், தலா நூறு ரூபாய் வைத்து இரவுக்கு இருபது ஆட்டம் வீதம் ஆண்டில் முந்நூறு இரவு ஆடுகிறார்கள். ஒவ்வோர் ஆட்டத்திலும் வென்றவருக்கு 180 ரூபாய், மீதி இருபது நடத்துபவருக்கு. ஆண்டு முடிவில் இருவரிடமும் சேர்த்து எவ்வளவு குறைந்திருக்கும்? ஆறாயிரம் ஆட்டம், ஆட்டத்துக்கு இருபது, ஆக ஒரு லட்சத்து இருபதாயிரம் ரூபாய். இருவரில் யார் திறமைசாலி என்பதைக் கேள்வி சொல்லவில்லை. விடை காண அது தேவைப்படவும் இல்லை.